வொய்ஸ் போட்டால் போதுமா?

ஒரு கோல் எடுக்கிறோம். மறுமுனையில் ஆள் இல்லை. பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல், சத்தம் கேட்டதும் உங்கள் தகவலைச் சொல்லுங்கள் என்கிறது. இதற்குப் பெயர் வொய்ஸ் மெயில். நம்மில் எத்தனை பேர் அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு வார்த்தையாவது பேசியிருப்போம்? சட்டென்று கட் பண்ணத்தான் நமக்குத் தெரியும். அந்தக் குரல் பேசத் தொடங்கினால் கோல் எடுபட்ட கணக்கு. மறுபக்கம் யாரும் கேட்காவிட்டாலும் நாம் ரீலோட் போட்ட காசு கழிகிறது. தகவலை விட்டாலும் அதை ஒருவர் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு நம்பரை அழுத்தி, இரகசிய இலக்கம் அடித்து, அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். லயத்தில் யார் அதையெல்லாம் செய்துகொண்டிருப்பார்கள்?

வெளிநாட்டுக் கம்பனிகளே இதைக் கைவிட்டுப் பல வருடமாகிறது. 2014 டிசம்பரில் கொக்கா கோலா கம்பனி, அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள தலைமையகத்தில் அலுவலக போன்களின் வொய்ஸ் மெயிலை நிறுத்தியது. அடுத்த வருடம் ஜேபி மோர்கன் சேஸ் வங்கியும், வாடிக்கையாளர்களோடு நேரடியாகப் பேசாத ஊழியர்களுக்கு அதை எடுத்துவிட்டது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கே வேண்டாம் என்றான ஒன்று, கூடையோடு மலையில் நிற்கிற நமக்கு எதற்கு?

நமக்கு இருந்தது மிஸ்ட் கோல். ஒரு ரிங் அடித்து நின்றால் மகன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு ரிங் அடித்தால் திருப்பி எடு. பஸ் ஹட்டனைத் தாண்டியதும் ஒரு ரிங், சந்தியில் இறங்கியதும் ஒரு ரிங். ஒரு சதம் செலவில்லாமல் ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு மொழியை வைத்திருந்தது. அந்த மொழியை இந்த வொய்ஸ் மெயில் பெட்டி கெடுக்கத்தான் செய்தது. ரிங் போக வேண்டிய இடத்தில் அது குறுக்கே வந்து நிற்கும். இன்னும் சிலருடைய போனில் அவர்களுக்கே தெரியாமல் கோல் அந்தப் பெட்டிக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. ##002# என்று அடித்து கோல் எடுப்பது போல அழுத்தினால், கோல் திருப்பும் ஏற்பாடுகள் எல்லாம் நீங்கும். கோலை வேண்டுமென்றே வேறு போனுக்குத் திருப்பி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள், அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே பழைய வொய்ஸ் மெயிலைப் பற்றி நமது முடிவு இலகுவானது. அது வேண்டாம். ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. பெட்டி போனாலும், குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கம் போகவில்லை. 2013 ஓகஸ்டில் வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பும் வசதி வந்தது. நாளொன்றுக்குச் சராசரி 700 கோடி குரல் செய்திகள் அனுப்பப்படுவதாக அந்தக் கம்பனியே 2022 இல் அறிவித்தது. அந்தக் கோடிகளில் நமது தோட்டங்களின் பங்கும் இருக்கிறது. "வொய்ஸ் போடு", "வொய்ஸ் வந்துச்சா" என்பதெல்லாம் இன்று கொழுந்துக்கூடை, படங்கு மாதிரி நமது அன்றாடச் சொற்கள். சங்கக் காரியாலயத்துக்கு வரும் முறைப்பாடுகளும் இப்போது கடிதமாக வருவதில்லை, குரலாகத்தான் வருகின்றன.

இது ஏன் நம்மிடம் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? பட்டணத்துப் பிள்ளைகள் சோம்பலில் வொய்ஸ் போடுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். பட்டணத்துக்கு அது சரியாக இருக்கலாம். நமது கதை வேறு.

நமக்கென்று ஒரு தபால் பெட்டி இருந்ததில்லை. லயக் காம்பராவுக்கு முகவரி இல்லை. பெயர், டிவிசன், தோட்டம், பக்கத்து ஊரின் தபாற் கந்தோர், அவ்வளவுதான். கடிதம் வந்து சேருவது தோட்டக் காரியாலயத்துக்கு. அங்கே எத்தனை நாள் மேசையில் கிடந்தது, யார் பிரித்தார்கள், யார் கையில் கொடுத்தனுப்பினார்கள் என்பதைக் கேட்க வழியில்லை. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் நமது ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். வங்கிக் கடிதமும், அடகுக் கடையின் ஏல அறிவித்தலும், நீதிமன்ற அழைப்பாணையும் இப்படித்தான் பிந்தின.

கடிதம் கைக்கு வந்தாலும் அடுத்த கஷ்டம் காத்திருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பிறகு கொழுந்து எடுக்கவும் போன நமது அம்மாமார், ஆத்தாமார் அந்தக் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துத்தான் வாசிக்கச் செய்ய வேண்டும். மாஸ்டரிடம், கடைக்காரரிடம், சில இடங்களில் கணக்கப்பிள்ளையிடமே. மகள் தன் புருசனைப் பற்றி எழுதிய கண்ணீர்க் கடிதம் மூன்றாம் ஆளின் வாயால் வாசிக்கப்படும். பதிலும் அவர் கையால்தான் எழுதப்படும். சொல்ல வந்ததில் பாதியை வெட்கத்துக்காக விழுங்கிவிட்டு, "நாங்கள் நலம், அதுபோல நீங்களும்" என்று எழுதச் சொல்லி முடித்த கடிதங்கள் எத்தனை! 80களிலும் 90களிலும் வெளிநாட்டுக்குப் போனவர்கள் கெசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். லயத்தில் கெசட் பிளேயர் வைத்திருந்த வீட்டில் கூட்டம் கூடும். அங்கேயும் தனிமை இல்லை, ஆனால் குரலாவது சொந்தக் குரலாக இருந்தது.

இன்று அந்த அம்மா ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு பேசுகிறார். விரலை எடுத்ததும் செய்தி போகிறது. காரியாலயம் இடையில் இல்லை, கிளாக்கர் இடையில் இல்லை, வாசித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. மலையில் சிக்னல் கிடைக்காவிட்டால், பின்னேரம் நிறுவை முடிந்து சந்திக்கு வரும்போது செய்தி தானாகப் போய்ச் சேரும். கோல் என்றால் இரண்டு பக்கமும் அந்த நேரத்தில் சிக்னல் வேண்டும், இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஓய்வும் வேண்டும். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கும், சவூதியில் சமையலறையில் நிற்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு எப்போது கிடைக்கும்? குரல் செய்திதான் அந்த இரண்டு நேரங்களையும் இணைக்கிறது. சொந்தமாக ஒரு தபால் பெட்டி இல்லாத மக்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த பெட்டி இது. ஆகவே குரல் செய்தியைக் கேலி செய்கிறவர்களோடு நாம் சேர மாட்டோம்.

ஒரு சிறு குறை மட்டும் சொல்லலாம். ஏழு நிமிட வொய்ஸில் ஆறரை நிமிடம் சுகம் விசாரித்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, நடுவில் மாட்டையும் விரட்டி, கடைசி அரை நிமிடத்தில் "ஆ, சொல்ல மறந்துட்டேன், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்று முடிக்கிற நமது பழக்கம் கொஞ்சம் மாறினால் நல்லது. அன்பை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியை முதலில் சொல்லிவிட்டு மாட்டுக்குப் போகலாம்.

இனி நமக்கு உண்மையில் கோபம் வரும் இடத்துக்கு வருவோம்.

தப்பு அடித்துப் பிரட்டுக்குக் கூப்பிட்ட காலத்திலிருந்து, வேலை சொல்லும் இடம் பிரட்டுக்களம். எந்த மலை, எத்தனை கிலோ, யார் கொழுந்து, யார் கவ்வாத்து, யார் மருந்தடிப்பு என்பதெல்லாம் அங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டன. வெள்ளைக்கார துரை காலத்து ஏற்பாடுதான், அதில் நமக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. துரை சொன்னதை நூறு பேர் கேட்டார்கள். தலைவர் அங்கேயே நின்றார். "கிலோ கூடுது, கொழுந்து இல்லாத மலையில எப்படி எடுக்கிறது?" என்று அந்த இடத்திலேயே கேட்க முடிந்தது. பதில் கிடைக்காவிட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடவும் முடிந்தது.

இப்போது சில தோட்டங்களில் பிரட்டுக்களம் போனுக்குள் போய்விட்டது. டிவிசனுக்கு ஒரு வட்ஸ்அப் குழு. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு குரல் வரும்: நாளைக்கு மேற்கணக்கில் வேலை, ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும், பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவோம். நமக்கு வந்த முறைப்பாடுகளில் ஒன்று இப்படிப்பட்டது. அந்த டிவிசனில் பட்டன் போன் வைத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு ஸ்மார்ட் போனை வீட்டில் படிக்கிற பிள்ளை வைத்திருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. டேட்டா முடிந்தவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுவதும் மலை ஏறி இறங்கி எட்டரைக்கே படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கம் போலக் கீழ்க்கணக்குப் பிரட்டுக்கு வந்து நின்றார்கள். அங்கிருந்து ஏறி மேற்கணக்குக்குப் போனபோது நேரம் போய்விட்டது. சிலருக்கு அரைப்பேர், சிலருக்கு அதுவும் இல்லை. காரியாலயத்தில் கேட்டால் கிடைத்த பதில் மூன்று சொல்: "வொய்ஸ் போட்டோமே அம்மா."

அது சின்ன விசயமல்ல. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமே 1350 ரூபாவாகத்தான் இருந்தது. அந்த ஒரு பேரில் ஒரு வீட்டின் இரண்டு மூன்று நாள் அரிசி இருக்கிறது. பேர் போனால் அதோடு அந்த நாளுக்குரிய ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் போகின்றன. வரவைக் கணக்கிட்டுத் தரும் கொடுப்பனவுகளும் அடிபடுகின்றன. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் 500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடு 60 ரூபா வரவுக் கொடுப்பனவு சேர்க்கப்பட்டு, அதற்கு 75 வீத வரவு வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் குறைந்து மாதக் கொடுப்பனவு முழுவதையும் இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நாளை, இரவு ஒன்பதரைக்கு வந்து யாரும் கேட்காத ஒரு குரலுக்குப் பறிகொடுக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குழுக்களில் பலவற்றில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடலாம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். துரையின் குரல் நமக்கு வரும், நமது குரல் அங்கே ஏறாது. பிரட்டுக்களத்தில் இருந்த அந்த ஒரு நன்மையும் இங்கே இல்லை. நூறு பேர் ஒன்றாகக் கேட்டது போய், நூறு பேர் நூறு காம்பராவில் தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

எனவே நாம் சொல்வது இதுதான். வேலை இடம், வேலை நேரம், கிலோ அளவு, வேலை நிறுத்தி வைப்பு, சம்பளத் திகதி, லீவு ஆகிய விசயங்களில் குரல் செய்தி அறிவித்தல் ஆகாது. தமிழில் எழுதி, திகதி போட்டு, கையொப்பமிட்டு, பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்ட வேண்டும். தலைவரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அதற்கு மேலதிகமாக வொய்ஸ் போடுகிறார்களா, தாராளமாகப் போடட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் எழுத்தின் இடத்தில் குரலை வைக்க விட முடியாது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்றென்று 1987 இல் 13ஆம் திருத்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. நான்கு தசாப்தங்களை நெருங்கும் இந்தக் காலத்தில் ஒரு தாளில் நான்கு வரி தமிழ் எழுதி ஒட்டுவது எந்தக் கம்பனிக்கும் பாரமாகாது.

அதே நேரம், குழுவில் வந்த குரல் நமது கையில் ஒரு ஆயுதமாகவும் மாறலாம். வாயால் சொன்னதைப் பிறகு "நான் சொல்லவில்லை" என்று மறுத்த அதிகாரிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இப்போது அவர்கள் குரலே நமது போனில் கிடக்கிறது. மேலதிகக் கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்று வொய்ஸ் போட்டுவிட்டு, சம்பளத்தில் குறைத்தால், அந்த வொய்ஸ் பேசும். குரல் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்திருக்கிறது. தொழில் நியாய சபைகளோ, 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் விதிகளால் கட்டுப்பட்டவையே அல்ல. நியாயமும் ஒப்புரவும் பார்த்துத் தீர்ப்பளிப்பதே அவற்றின் வேலை. ஆகவே அங்கே ஒரு குரல் செய்திக்குப் பெறுமதி இருக்கிறது.

ஆனால் அதைப் பத்திரப்படுத்தத் தெரிய வேண்டும். அனுப்பியவர் நினைத்தால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கலாம். ஒரு தடவை மட்டும் கேட்கக்கூடியதாக அனுப்பும் வசதி 2023 டிசம்பரில் வந்தது. கேட்டதும் போய்விடும். இத்தனை நாளில் செய்திகள் தானாக மறைய வேண்டும் என்று குழுவையே அமைத்தும் வைக்கலாம். ஆகவே முக்கியமான ஒரு வொய்ஸ் வந்தால் உடனே தலைவருக்கும் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். யார் அனுப்பினார், எத்தனை மணி, எந்தத் திகதி என்று தெரியும்படி திரையைப் படம் பிடியுங்கள். திருப்பி அனுப்பிய பிரதியில் முதலில் பேசியவரின் நம்பர் தெரியாது. அதனால் மூலச் செய்தி வந்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். ஒரு தடவை மட்டும் கேட்கும் வொய்ஸ் என்றால், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, இன்னொரு போனில் பதிந்துகொண்டு கேளுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம். நமக்குச் சாதகமான பத்து செக்கனை மட்டும் வெட்டி வைத்தால், முழுவதும் பொய் என்று சொல்ல அவர்களுக்கு அது போதும்.

ஆயுதம் இரண்டு பக்கமும் வெட்டும். சம்பள நாள் இரவில் இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு, சின்னத்துரைக்கு ஒரு வொய்ஸ் போட்டு, அடுத்த வாரம் உள்ளக விசாரணையில் அதே வொய்ஸை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டத் தலைகுனிந்து நின்ற தம்பிமார் உண்டு. கோபம் நியாயமானதாக இருக்கும். ஆனால் அந்த விசாரணையில் கோபத்தின் காரணத்தை யாரும் பேசவில்லை, தூசண வார்த்தையை மட்டுமே பேசினார்கள். கோபம் வந்தால் தலைவருக்கு வொய்ஸ் போடுங்கள், துரைக்குப் போட வேண்டாம்.

முறைப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். "அண்ணே, எங்க தோட்டத்துல பெரிய அநியாயம் நடக்குது, உடனே வாங்க" என்று ஒரு குரல் வருகிறது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் பேசுகிறார், ஒன்றும் இல்லை. திருப்பி எடுத்தால் போன் ஓஃப். காரியாலயத்தில் வரும் குரல் செய்தியைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதித்தான் மேல் நடவடிக்கைக்கு எடுக்கிறோம். எழுத வேண்டியது நீங்கள் சொன்னால்தான் எழுத முடியும். பெயர், தோட்டம், டிவிசன், செக்ரோல் நம்பர், சம்பவம் நடந்த நாள், பார்த்தவர் யார். சேமலாப நிதிப் பிரச்சினை என்றால் அங்கத்துவ இலக்கம். இத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். மிச்சத்தை நாங்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் வொய்ஸில் சொல்லவே கூடாத முறைப்பாடுகளும் உண்டு. லயத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. நடுச்சுவர் கூரை வரை போகாத லயங்களும் இருக்கின்றன. ஒரு பெண், மேற்பார்வை செய்கிறவன் மலையில் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அந்தக் காம்பராவில் உட்கார்ந்து போனில் பேச முடியுமா? புருசன் அடிப்பதை, புருசன் பக்கத்தில் இருக்கும்போது பேச முடியுமா? பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். பதிலாக வருகிற வொய்ஸையும் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். படிக்கத் தெரிந்த தங்கைகளுக்கு இந்த இடத்தில் எழுத்துச் செய்திதான் பாதுகாப்பு. மற்றவர்கள் மாதர் சங்கத் தலைவியை மலையிலோ, பிள்ளைக் காம்பராப் பக்கத்திலோ நேரில் கண்டு பேசுவதே நல்லது. குரல் செய்தி எல்லோருக்கும் இலகு என்று சொல்லிக்கொண்டு, இப்படிப்பட்ட முறைப்பாடுகளையும் "வொய்ஸ்ல போடும்மா" என்று கேட்கிற தலைவர்மார் அதை நிறுத்த வேண்டும்.

அதைவிட மோசம், அப்படி வந்த ஒரு பெண்ணின் அழுகுரலைக் குழுவுக்குக் குழு அனுப்புவது. நியாயம் கேட்பதற்காக என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இரண்டு நாளில் அது நுவரெலியாவிலிருந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பையன்களின் போன் வரைக்கும் போய்விடுகிறது. எழுத்தில் இருந்தால் பெயரை மறைக்கலாம். குரலில் பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. ஊரே அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ளும். நமது அங்கத்தவர் யாராக இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நமது பெண்களின் குரல் மட்டும் இதற்குக் கொஞ்சம் வேறு. எசமான் வீட்டில் போனைப் பறித்து வைத்திருக்கிறார்கள், கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தில் ஒளிந்திருந்து இருபது செக்கன் பேசி அனுப்புகிறாள் மகள். அந்த இருபது செக்கன்தான் அவள் இருக்கும் நிலைக்கு ஒரே சாட்சி. அதை பேஸ்புக்கில் போடுவதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அறிவியுங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, முகவர் நிலையத்தின் பெயர், எசமானின் நம்பர் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். பேஸ்புக்கில் முதலில் போட்டால், அது எசமான் கண்ணிலும் படலாம். அவளோ இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாள். போகும்முன்னே இந்த விபரங்களை மகளே ஒரு வொய்ஸில் பேசி வீட்டுப் போனில் போட்டு வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.

மழைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மலைநாடு முழுவதும் மண் சரிந்தபோது மின்சாரமும் போன் கோபுரங்களும் செயலிழந்தன. வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் தவித்தார்கள். கோபுரம் விழுந்த இடத்தில் எந்த வொய்ஸும் வராது என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. ஆகவே அபாய எச்சரிக்கை தமிழில், குரலிலும் எழுத்திலும் நேரத்துக்கு வர வேண்டும் என்று கேட்கிற அதே மூச்சில், ஒவ்வொரு டிவிசனிலும் கையால் சுற்றுகிற ஒரு சைரனும், மின்சாரமில்லாமல் வேலை செய்கிற ஒலிபெருக்கியும் வேண்டும் என்று கேட்கிறோம். கோயிலில் மணி இருக்கிறது, வீடுகளில் தப்பு இருக்கிறது. எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்பதைத் தோட்டக் கமிட்டி இப்போதே தீர்மானித்து வைக்கலாம், அதற்குக் கம்பனி அனுமதி தேவையில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

முகவரிக் கோரிக்கையையும் நாம் விட்டுவிடக் கூடாது. "எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, இனி முகவரி எதற்கு?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு உத்தியோகத்தர் கேட்டார். வங்கி, நீதிமன்றம், பரீட்சைத் திணைக்களம், பிரதேச செயலகம் எதுவும் வொய்ஸ் போடுவதில்லை. கடிதம்தான் அனுப்புகின்றன. தோட்டங்களுக்குள்ளும் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு வழிவிட்டு 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. வீதிக்குப் பெயர், வீட்டுக்கு இலக்கம், வாசலுக்குத் தபால்காரர், இந்த மூன்றும் நமக்கு வேண்டும். லயமாக இருந்தாலும், ஏழு பேர்ச்சில் கட்டிய புதிய வீடாக இருந்தாலும், கதவில் ஒரு இலக்கம் இருக்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த விசயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எல்லாத் தலைவர்மாரையும் கேட்கிறோம். எழுத்தில் அறிவித்தல் ஒட்டாமல் வொய்ஸில் மட்டும் வேலை சொல்லும் தோட்டங்கள், அதனால் பேர் இழந்தவர்கள், இழந்த நாட்கள், இவற்றின் விபரத்தை இந்த மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்குத் தாருங்கள். அவற்றைத் தொகுத்துத் தொழில் திணைக்களத்துக்கும் கம்பனிகளுக்கும் எழுத்தில் கொடுப்போம். விபரத்தை நீங்கள் வொய்ஸில் அனுப்பினாலும் பரவாயில்லை. பெயரும் டிவிசனும் முதலில்.